டிராகன் குவெஸ்ட் நல்ல கதை சொல்கிறதா?

டிராகன் குவெஸ்ட் என்ற ஜப்பானிய வீடியோ கேம் வரிசையில் எந்த கேமின் கதையையும் மூன்றே வரியில் எழுதிவிடலாம். ஓர் இளைஞன் ஊரை விட்டுக் கிளம்புகிறான். வழியில் துணைக்கு ஆள் சேர்க்கிறான் (முதல் கேமில் மட்டும் தனியாகவே போகிறான்). உலகை இருளாக்க வந்த அரக்க வேந்தனைக் கொல்கிறான். 1986 மே 27 அன்று ஃபேமிகாம் என்ற வீட்டு கேம் கருவியில் வந்த முதல் கேமிலிருந்து 2017 ஜூலையில் வந்த 11ஆம் கேம் வரை இந்த எலும்புக்கூடு பெரிதாக மாறவில்லை. நாயகன் வாய் திறக்கமாட்டான்; யாராவது கேட்டால் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’, அவ்வளவுதான். ஃபைனல் ஃபேண்டஸி என்ற இன்னொரு ஜப்பானிய கேம் வரிசையை ஆடிப் பழகியவர்கள் இங்கே வந்ததும் ‘இதில் கதை எங்கே?’ என்று கேட்பது அதனால்தான்.

நியாயமான கேள்வி. ஆனால் பதிலை அந்த மூன்று வரிக்குள் தேடினால் கிடைக்காது. டிராகன் குவெஸ்ட் தன் கதையை விதிகளுக்குள் ஒளித்து வைக்கிறது. யாருக்குக் கட்டளையிட முடிகிறது, எந்த வாளை மாட்ட முடியவில்லை, எந்த ஆளை எந்த ஊரில் விட்டுவிட்டு வரவேண்டியிருக்கிறது என்பதில்தான் கதை நடக்கிறது. அந்தக் கண்ணோடு பார்த்தால் இந்த வரிசையில் மிக நல்ல கதைகள் இருக்கின்றன. தான் கட்டியதைத் தானே இடித்துக்கொண்ட கதைகளும் இருக்கின்றன. இரண்டையும் பேச முடிவுகளைத் தொட்டாக வேண்டும். 3, 4, 5, 7, 11 ஆகியவற்றின் முக்கியத் திருப்பங்கள் கீழே வெளிப்படையாக வருகின்றன.

இந்தப் பாணி, வரிசையை உருவாக்கிய யூஜி ஹோரியுடையது. 1954இல் அவாஜி தீவில் பிறந்தவர். மங்கா (ஜப்பானியப் படக்கதை) ஓவியராக ஆசைப்பட்டவர், வசேதா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டிருந்தார். எனிக்ஸ் என்ற கேம் நிறுவனம் நடத்திய போட்டிக்கு ஒரு டென்னிஸ் கேமை அனுப்பி இந்தத் துறைக்குள் வந்தார். 1983இல் போர்ட்டோபியா தொடர் கொலை வழக்கு என்ற துப்பறியும் கேமைச் செய்தார். விசார்ட்ரி, அல்டிமா என்ற அமெரிக்கக் கணினி கேம்களில் ஊறியவர், அவற்றின் சுவையைச் சிறுவர்களும் ஆடக்கூடிய வடிவத்தில் கொடுக்க நினைத்தார். ஓவியத்துக்கு அகிரா தொரியாமா, இசைக்கு கோயிச்சி சுகியாமா, நிரலுக்கு கோயிச்சி நகாமுராவின் சுன்சாஃப்ட் என்று ஆட்கள் அமைந்தார்கள்.

முதல் கேமின் கேட்ரிட்ஜில் இருந்த மொத்த இடம் 64 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்பில் போகும் ஒரு புகைப்படமே அதைவிடப் பெரிது. கட்டகானா என்ற ஜப்பானிய எழுத்துவகையின் எழுத்துகள் எல்லாவற்றுக்கும் இடமில்லாமல் 20ஐ மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஊர்ப் பெயர், பூதத்தின் பெயர் எல்லாமே அந்த 20க்குள் அடங்கவேண்டும். வசனம் எழுதித் தள்ள வழியே இல்லாதபோது, சொல்லவேண்டியதை அமைப்பால் சொல்ல ஹோரி கற்றுக்கொண்டார். கேம் தொடங்குவது அரசனின் அறையில். மூன்று பெட்டிகள்: ஒன்றில் 120 பொன், ஒன்றில் தீப்பந்தம், ஒன்றில் சாவி. கதவு பூட்டியிருக்கும். பேசுவது, எடுப்பது, திறப்பது, படியில் இறங்குவது என்று எல்லாவற்றையும் அந்த ஒரே அறையில் கற்றுக்கொண்டுதான் வெளியே வர முடியும். வெளியே வந்ததும் நீருக்கு அப்பால் அரக்க வேந்தனின் கோட்டை கண்ணில் படும். கூப்பிடு தூரம்தான், போகத்தான் வழியில்லை. அந்தக் குறுகிய நீரைக் கடப்பதற்காகவே உலகம் முழுக்கச் சுற்றவேண்டும். கதை என்ன, எங்கே முடியும் என்பது நீண்ட வசனம் இல்லாமல் முதல் சில நிமிடங்களில் தெரிந்துவிடுகிறது.

1988இல் வந்த 3ஆம் கேமில் இந்த வித்தை ஒரு படி மேலே போகிறது. இங்கே கூட்டாளிகளை மதுக்கடையில் நாமே உருவாக்குகிறோம்: பெயர், ஆணா பெண்ணா, தொழில் எல்லாம் நம் விருப்பம். அவர்களுக்கு ஒரு வசனமும் கிடையாது. நடுவில் ஒரு வெட்டவெளியில் ஒரு கிழவர் நின்றுகொண்டு, இங்கே ஊர் கட்ட ஒரு வணிகர் வேண்டும் என்று கேட்பார். நாம் உருவாக்கிய வணிகரை அங்கே விட்டுவிட்டு வரவேண்டும். ஊருக்கு அவர் பெயரே வரும். இரண்டாம் முறை போனால் கடை இருக்கும். அடுத்த முறை நாடக அரங்கு இருக்கும். அதற்கடுத்த முறை ஊரார் முணுமுணுப்பார்கள்: வேலை வாங்கிச் சாகடிக்கிறார், பணத்தைத் தவிர வேறு எண்ணமில்லை. கடைசியில் புரட்சி நடந்து வணிகர் சிறையில் கிடப்பார். தன் இருக்கையின் பின்புறம் தேடச் சொல்வார்; நாம் அலைந்து தேடிய மஞ்சள் மணி என்ற உருண்டை அங்கே இருக்கும். யாரோ ஒரு பாத்திரத்துக்கு இது நடந்திருந்தால் கடந்து போயிருப்போம். நாம் பெயர் வைத்து, லெவல் ஏற்றி, கையோடு கொண்டுவந்து விட்ட ஆள் என்பதால்தான் குத்துகிறது.

4ஆம் கேம் (1990) ஐந்து அத்தியாயங்களாக வந்தது. முதல் நான்கில் நாயகனே கிடையாது. பின்னால் துணைக்கு வரப்போகிறவர்களின் வாழ்க்கையை ஒவ்வொன்றாக ஆடுகிறோம். மூன்றாம் அத்தியாயம் டோர்நெகோ என்ற தொப்பைக்கார வணிகருடையது. மற்ற கேம்களில் நாம் கடைக்குப் போய் வாள் வாங்குவோம். இங்கே கல்லாவுக்குப் பின்னால் நிற்பது நாம். வாங்க வருபவர்கள் வீரர்கள். காலையில் மனைவி சாப்பாட்டுப் பெட்டி கட்டித் தருவாள், மாலையில் முதலாளி அன்றைய கூலியைக் கொடுப்பார். சொந்தக் கடை என்ற கனவுக்காகக் காசு சேர்த்துச் சேர்த்து, ஐந்தாம் அத்தியாயத்தில் அவர் நம்மோடு வந்து சேரும்போது நமக்கு அவரை நன்றாகத் தெரியும். கட்டுரை மாதிரி ஒரு பின்னணி எழுதிப் படிக்கக் கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது.

இதே கேமில் இந்த முறை சறுக்கிய இடமும் உண்டு. ஃபேமிகாம் பதிப்பின் ஐந்தாம் அத்தியாயத்தில் நாயகனுக்கு மட்டுமே நாம் கட்டளையிடலாம்; மற்றவர்கள் நாம் தரும் பொதுவான உத்தியைப் பின்பற்றித் தாங்களே சண்டையிடுவார்கள். அவரவருக்குச் சொந்த மனம் உண்டு என்ற கருத்துக்கு இது பொருத்தம்தான். ஆனால் எந்த எதிரிக்கு எது பலிக்காது என்பதை முயன்று பார்த்தே கற்கும்படி அவர்களை அமைத்திருந்தார்கள். அதனால் பூசாரி கிரில், உடனடி மரணம் தரும் மந்திரத்தை அது பலிக்கவே பலிக்காத பாஸ்கள் (பெரிய எதிரிகள்) மீது திரும்பத் திரும்ப வீசுவார். குணமாக்க ஆளில்லாமல் பார்ட்டி, அதாவது நம் குழு, விழும். ஜப்பானில் இன்றும் அவர் பெயரைச் சொன்னால் அந்த மந்திரம்தான் நினைவுக்கு வரும். பின்னாளில் புதிதாகச் செய்த ரீமேக்குகளில் நேரடிக் கட்டளை வந்துவிட்டது.

வரிசையிலேயே கதைக்காக ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னால் 5ஆம் கேமைத்தான் சொல்லவேண்டும். 1992 செப்டம்பர் 27 அன்று சூப்பர் ஃபேமிகாமில் வந்தது. ஒரு மனிதனின் வாழ்க்கையைச் சிறுவயதிலிருந்து, அவன் குழந்தைகள் வாளேந்தும் வரை சொல்கிறது.

தொடக்கத்தில் நாயகனுக்கு ஆறு வயதுபோல. கூடவே அப்பா பங்க்ராஸ் வருகிறார். ஜப்பானிய மூலத்தில் அவர் பெயர் பாப்பாஸ். அவருக்குக் கட்டளையிட முடியாது, தானே சண்டையிடுவார். நாம் ஒரு அடி அடித்து ஸ்லைம் என்ற சின்னப் பூதத்துக்குக் கீறல் போடுவதற்குள் அவர் எதிரியை வீழ்த்தியிருப்பார். மகனுக்கு அடிபட்டால் யாரும் கேட்காமலே குணமாக்கும் மந்திரம் போடுவார். அப்பா பலசாலி, அன்பானவர் என்று எந்த வசனமும் சொல்லவேண்டியதில்லை. முதல் ஒரு மணி நேரச் சண்டைகளே சொல்லிவிடுகின்றன.

அதே சண்டைத் திரையை வைத்துத்தான் ஹோரி அவரைக் கொல்கிறார். கடத்தப்பட்ட இளவரசன் ஹாரியை மீட்கப் போன இடத்தில் லாட்ஜா என்ற சூனியக்காரன் சிறுவனைப் பிடித்து, கழுத்தில் அரிவாளை வைக்கிறான். அவனுடைய இரண்டு அடியாட்களைப் பங்க்ராஸ் சற்று முன்புதான் வென்றிருந்தார். இப்போது மறுபடி அதே இருவர். சண்டைத் திரை திறக்கிறது. பங்க்ராஸ் கை ஓங்கவில்லை. அடி மேல் அடி விழுகிறது, அவருடைய உயிர்ப்புள்ளி எண் இறங்கிக்கொண்டே வருகிறது. அழுத்த நமக்கு ஒரு பொத்தானும் இல்லை. உன் அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று மகனிடம் சொல்லிவிட்டுத் தீயில் சாம்பலாகிறார். அடுத்த திரையில் பத்து ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. மகனும் ஹாரியும் ஒரு கோயில் கட்டுமானத்தில் அடிமைகள். இத்தனை நேரம் எண்களைப் பார்த்துச் சண்டை கற்றுக்கொண்ட அதே கண்ணால், அந்த எண் பூஜ்யத்துக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவேண்டும் என்பதுதான் அந்தக் காட்சியின் கொடுமை.

பிறகு வரும் திருமணக் கட்டம் புகழ்பெற்றது. சிறுவயதில் கூடப் பேய்க்கோட்டைக்கு வந்த பியான்காவா, செல்வந்தர் மகள் நேராவா? ஓர் இரவு அவகாசம். ஊர் முழுக்க நடந்து எல்லோரிடமும் பேசலாம். இருவரில் யாரைக் கட்டினாலும் கேமை முடித்துவிடலாம். பிள்ளைகளின் முடி நிறம்கூட அதற்கேற்ப மாறும். விதிப்படி பெரிய தண்டனை எதுவும் இல்லை. ஆனாலும் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்துவிட்டு மற்றவள் இருக்கும் ஊருக்குப் பின்னாளில் போவது மனதுக்குச் சங்கடம். 2008இல் நிண்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்கக் கருவிக்கு வந்த பதிப்பில் டெபோரா என்ற மூன்றாவது பெண்ணையும் சேர்த்தார்கள். சுவையான பாத்திரம்தான், ஆனால் இருவருக்கிடையே இருந்த இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்திவிட்டார்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு உண்மை மெல்ல விளங்குகிறது. அப்பா வாழ்நாளெல்லாம் தேடிய, ஐதிகத்தில் வரும் வீரனின் வாள் நம் பையில் இருக்கிறது. ஆனால் மாட்ட முடியாது. எத்தனை லெவல் ஏறினாலும் முடியாது. நாம் அந்த வீரன் இல்லை. நாயகனும் மனைவியும் கல்லாக்கப்பட்டு, நாயகனின் சிலை ஒரு பணக்காரர் வீட்டுத் தோட்டத்துக்கு ஏலத்தில் போகிறது. குழந்தையைக் காக்கும் என்று வாங்கி நிறுத்துகிறார்கள். பருவங்கள் மாறுகின்றன. தவழ்ந்த குழந்தை நடக்கிறது. ஒருநாள் பூதங்கள் அதைத் தூக்கிப் போகின்றன. தகப்பன் ஆத்திரத்தில் சிலையைத் தாக்குகிறார். நாம் அசைய முடியாமல் பார்க்கிறோம். எட்டு ஆண்டுகள் கழித்து நம்மை எழுப்ப வருவது நம் இரட்டைக் குழந்தைகள். அந்த வாள் மகனுக்குப் பொருந்துகிறது. ‘தேர்ந்தெடுக்கப்பட்டவன்’ என்ற அரதப்பழசான கதையை, தேர்ந்தெடுக்கப்பட்டவனின் தகப்பன் பக்கத்திலிருந்து சொல்லியிருக்கிறார்கள். உபகரணப் பட்டியலில் மங்கிக் கிடக்கும் ஒரு வாளின் பெயர்தான் அதற்கு வேண்டிய மொத்த வசனம்.

7ஆம் கேம் (2000, பிளேஸ்டேஷன்) பலவீனங்களும் பலங்களும் அளவு மீறிய ஒன்று. 100 மணி நேரத்துக்குக் குறையாது. முதல் சண்டை வரவே இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். 2013இன் 3டிஎஸ் ரீமேக் இந்தத் தொடக்கத்தைச் சுருக்கியது. உடைந்த கல்வெட்டுத் துண்டுகளைச் சேர்த்தால் மறைந்துபோன தீவின் கடந்த காலத்துக்குப் போகலாம். சிக்கலைத் தீர்த்தால் தீவு நிகழ்காலத்தில் முளைக்கும். ஒவ்வொரு தீவும் ஒரு சிறுகதை, அதிலும் பெரும்பாலும் கசப்பானது. லெப்ரெசாக் என்ற கிராமத்தில், ஊரைக் காப்பதற்காகப் பூதமாக மாற ஒப்புக்கொண்ட பாதிரியாரை, அவர் யாரென்று தெரியாமல் ஊராரே அடித்து வதைக்கிறார்கள். உண்மை தெரிந்ததும் குற்ற உணர்வோடு அதைக் கல்லில் பொறிக்கிறார்கள். நிகழ்காலத்தில் போய்ப் பார்த்தால் வரலாறு தலைகீழாகியிருக்கும்: ஊரார் நல்லவர்கள், வெளியூர்க்காரர்கள் கெட்டவர்கள். நாம்தான் அந்த வெளியூர்க்காரர்கள்.

கீஃபர் விவகாரமும் இதில்தான். நாயகனின் நண்பனான இளவரசன், முதல் கட்டத்தின் முக்கியப் போர்வீரன். ஆற்றலை நிரந்தரமாகக் கூட்டும் விதைகள் கிடைத்தால் பலர் அவனுக்கே கொடுப்பார்கள். ஏறக்குறைய 20 மணி நேரம் கழித்து, கடந்த காலத்தில் ஒரு பெண்ணைக் காதலித்து அங்கேயே தங்கிவிடுகிறான். திரும்பவே மாட்டான், விதைகளும் அவனோடு போய்விடும். ஜப்பானிய ரசிகர்கள் அவனுக்கு வைத்த பெயர் ‘விதைத் திருடன்’. கோபத்தில் வைத்த பெயர்தான். ஆனால் ஒரு நண்பன் பிரிந்து போனால் அவனுக்காகச் செலவிட்டதும் கூடவே போகும் என்பதை வேறு எந்த கேமும் இவ்வளவு கணக்காக உணர்த்தியதில்லை. முடிவில் மீன்வலையில் ஒரு கல் சிக்குகிறது. அதில் அவன் நமக்கு எழுதிய சேதி.

இனி இடறும் இடங்கள். அரக்க வேந்தர்கள் பெரும்பாலும் வெறும் பெயர்கள். 5இல் லாட்ஜா மீது கொதிக்கும் வெறுப்பில் பத்தில் ஒரு பங்குகூடக் கடைசி பாஸ் நிம்ஸோ மீது வராது. விதிவிலக்கு 4இன் சாரோ. மனிதர்கள் அவன் காதலி ரோஸை அடித்து அழவைப்பார்கள், ஏனென்றால் அவள் கண்ணீர் மாணிக்கமாகும். அவள் அவர்கள் கையால் சாகிறாள். இறுதிச் சண்டையில் கைகள் துண்டாகி, தலை போய், வயிற்றில் முகம் முளைத்து உருமாறிக்கொண்டே போகும் சாரோவுக்கு, எதற்காக இந்தப் பகை என்பதே மறந்துவிட்டிருக்கும். அற்புதமான முடிவு. 2001இன் பிளேஸ்டேஷன் ரீமேக் இதற்கு ஆறாம் அத்தியாயம் ஒன்றைச் சேர்த்தது: ரோஸ் உயிர்த்தெழுகிறாள், சாரோ திருந்தி நம் பார்ட்டியிலேயே சேர்கிறான். நாயகனின் ஊரையே அழித்து, அவன் உருவெடுத்து அவனுக்காகச் செத்த தோழியையும் கொன்றவனோடு தோளோடு தோள் நின்று சண்டையிடவேண்டும். நாயகன் பேசமாட்டான் என்பதால் எதிர்ப்பும் சொல்ல முடியாது.

11ஆம் கேம் இதே தவறைப் பெரிய அளவில் செய்தது. நடுவில் உலகம் சரிகிறது, எல்லோரையும் காப்பாற்றிவிட்டு வெரோனிகா இறக்கிறாள். தங்கை செரீனா முடியை வெட்டிக்கொள்கிறாள். அதோடு வெரோனிகாவின் மந்திரங்களும் செரீனாவின் பட்டியலில் வந்து சேர்கின்றன. அன்றிலிருந்து ஒவ்வொரு சண்டையிலும் அக்காவின் தீ மந்திரத்தைத் தங்கையின் கையால் வீசுகிறோம். இழப்பை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. பெயர்ப் பட்டியல் ஓடி முடிந்தபின் வரும் மூன்றாம் பகுதியில் நாயகன் காலத்தைத் திருப்புகிறான், வெரோனிகா பிழைக்கிறாள், நண்பர்கள் பட்ட துயரும் அதனால் அடைந்த முதிர்ச்சியும் நடக்காதவையாகிவிடுகின்றன. உண்மையான கடைசி பாஸ் அந்தப் பகுதியில்தான் இருப்பதால் தவிர்க்கவும் மனம் வராது. பேசாத நாயகனும் இங்கே உறுத்துகிறான். மேலிருந்து பார்க்கும் சின்னப் படத்தில் மௌனம் இயல்பாக இருந்தது. வளர்த்த ஊர் எரிந்து கிடக்க, முகத்துக்கு அருகில் கேமரா வரும்போது வெறுமனே நிற்பவன் விறைப்பாகத் தெரிகிறான்.

எதை, எந்தப் பதிப்பில் ஆடுவது என்பதும் கதையைப் பாதிக்கும். 4ஆம் கேமின் ஆங்கில டிஎஸ் பதிப்பில் கூட்டாளிகளோடு பேசும் வசதியையே எடுத்துவிட்டார்கள்; பின்னர் வந்த மொபைல் பதிப்பில் அது திரும்பி வந்தது. பாத்திரங்களின் குணம் பெரும்பகுதி அந்தப் பேச்சில்தான் இருப்பதால் மொபைல் பதிப்பே சரி. ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும், ஊரை விட்டுக் கிளம்புமுன் ஒருமுறை பேச்சுக் கட்டளையை அழுத்திவிடவேண்டும். 5க்கு டிஎஸ், மொபைல் இரண்டுமே நல்லவை. 11க்கு ‘எஸ்’ என்று பெயரில் வரும் பதிப்பு. இலவச முன்னோட்டமே ஏறக்குறைய 10 மணி நேரம் ஓடும். 3இன் புதிய ரீமேக் 2024 நவம்பரிலும், 1, 2 இரண்டும் சேர்ந்து 2025 அக்டோபரிலும் வந்தன. கதையின் கால வரிசைப்படி 3தான் முதல். ஆனால் 3இன் கடைசிப் பகுதியில் பூமிக்கடியில் திறக்கும் உலகம், முதல் கேமில் நாம் நடந்த அதே நிலம் என்ற அதிர்ச்சி, முதல் கேமை முன்பே ஆடியவருக்கே கிடைக்கும். பத்து பதினைந்து மணி நேரச் செலவுதான், 1ஐ முதலில் முடித்துவிடுவது நல்லது.

5ஐத் தொடங்குபவர்கள், பேய்க்கோட்டையிலிருந்து தங்க மணி என்ற உருண்டையோடு திரும்பிய பிறகு, சொந்த ஊர்த் தேவாலயத்தின் முன் நிற்கும் வழிப்போக்கரிடம் கட்டாயம் பேசவேண்டும். மணியைக் கொஞ்சம் காட்டச் சொல்லி வாங்கிப் பார்ப்பார், திருப்பிக் கொடுப்பார். எவ்வளவு துன்பம் வந்தாலும் தோற்றுவிடாதே என்று சிறுவனிடம் சொல்வார். பெரும்பாலானோர் இதை மறந்துவிடுவார்கள். இருபது முப்பது மணி நேரம் கழித்து, ஓர் ஓவியத்தின் வழியே அதே ஊருக்கு, அதே தேவாலய வாசலுக்கு மறுபடி வந்து நிற்போம். எதிரே ஒரு சிறுவன் ஓடி வருவான், கையில் தங்க மணி. வீட்டுக்குள் அப்பா உயிரோடு இருப்பார்.